வயசானவங்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு மருத்துவக் காப்பீடு: பாலக்கோட்டுக் கடையில் கேட்ட கேள்விகள்

பாலக்கோட்டில் தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் மனு போடுவது, படிவம் நிரப்புவது எல்லாம் உண்டு. வாரத்துக்கு நாலு பேராவது ஒரு பிளாஸ்டிக் பையில் ரேஷன் கார்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் போட்டுக்கொண்டு வந்து கேட்பது இந்தக் காப்பீட்டைப் பற்றித்தான். பாதிப் பேர் ஆபரேஷன் தேதி குறித்த பிறகு வருகிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கலைஞர் இன்சூரன்ஸ், முதலமைச்சர் இன்சூரன்ஸ், மோடி இன்சூரன்ஸ்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எங்க அம்மாவுக்கு எதுங்க?

பெயர்தான் மூன்று, நம் ஊரில் போய் நிற்கும் கவுன்ட்டர் ஒன்றுதான். 2009 ஜூலை 23-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018 செப்டம்பர் 23-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்து நடத்த ஆரம்பித்தார்கள். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை அரசு கட்டும். ஆளுக்கு 5 லட்சம் இல்லை, குடும்பத்துக்கே 5 லட்சம். நீங்கள் பிரீமியம் எதுவும் கட்ட வேண்டாம்.

ஆகவே அம்மாவுக்கு எது என்று கேட்பதைவிட, அம்மா எந்த ரேஷன் கார்டில் இருக்கிறார் என்று கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்கு அறுபத்தி மூணு வயசுங்க. சீனியர் சிட்டிசன்னா தானா கிடைச்சிடாதா?

கிடைக்காது. பஸ்ஸில், பேங்கில் எல்லாம் அறுபதுக்கு மதிப்பு உண்டு. இந்தத் திட்டத்தில் அறுபது என்பது ஒரு கணக்கே இல்லை. தமிழ்நாட்டில் குடியிருக்க வேண்டும், குடும்ப அட்டையில் பெயர் இருக்க வேண்டும், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பார்ப்பது இவ்வளவுதான். முன்பு 72,000 என்று இருந்த வரம்பை ஏற்றித்தான் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். முன்பு மனு தள்ளுபடி ஆனவர்கள் மறுபடி போட்டுப் பார்க்கலாம்.

நல்ல செய்தியும் உண்டு. மேல் வயது வரம்பு கிடையாது. எண்பது வயதிலும் சேரலாம். ஏற்கனவே சுகர், பிரஷர், இதய நோய் இருக்கிறது என்று தள்ள மாட்டார்கள். தனியார் கம்பெனி பாலிசி எடுக்கப் போய் முகம் சுருங்கித் திரும்பி வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வயதுக்காகவே திறக்கிற கதவு ஒன்று இருக்கிறது. அது எழுபதில். கீழே சொல்கிறேன்.

என்னென்ன காகிதம் எடுத்துட்டு எங்க போகணும்?

ரேஷன் கார்டு, வீட்டில் எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று. வருமானத்துக்கு உங்கள் வி.ஏ.ஓ.வைப் பாருங்கள், அல்லது இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் ஆபீஸ் என்று மூன்று மேசை தாண்டி வரும். பிறகு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். தருமபுரிக்காரர்களுக்குத் தருமபுரி கலெக்டரேட், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கிருஷ்ணகிரி கலெக்டரேட். 2004-இல் மாவட்டம் பிரிந்து இத்தனை வருஷம் ஆகியும், பழைய ரேஷன் கார்டு முகவரியை நம்பித் தருமபுரிக்கே பஸ் ஏறி வந்த ஊத்தங்கரைப் பெரியவரைப் பார்த்திருக்கிறேன்.

அரூர் மலையடிவாரத்திலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ வருவது ஒரு நாள் பிழைப்பு. அதனால் கிளம்பும் முன் ரேஷன் கார்டில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் முனியம்மாள், இன்னொன்றில் முனியம்மா. என் கடைக்குத் திரும்பி வருபவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு எழுத்துக்காக வருகிறார்கள்.

கார்டு வந்த ஞாபகம் இருக்கு, எங்கயோ போட்டுட்டேன். மறுபடி மொதல்ல இருந்தா?

வேண்டாம். அட்டையை விட அதில் உள்ள எண்தான் முக்கியம். ரேஷன் கார்டு எண்ணை வைத்துத் திட்டத்தின் இணையதளத்தில் தேடினால் உங்கள் குடும்பம் பதிவில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் மின்-அட்டையை அச்செடுத்துக்கொள்ளலாம். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டாலும் சொல்வார்கள். அச்செடுத்ததும் யார் யார் பெயர் இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். மருமகள் பெயர் சேர்ந்திருக்கும், மாமியார் பெயர் விட்டுப்போயிருக்கும்.

பையன் ஓசூர் கம்பெனியில மாசம் பதினெட்டாயிரம் வாங்கறான். நானும் வீட்டுக்காரரும் அவன் கார்டுலதான் இருக்கோம். எங்களுக்கு வருமானமே இல்லையே, கிடைக்குமா?

உங்கள் வருமானத்தை மட்டும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், குடும்பத்தின் வருமானம்தான் கணக்கு. மாதம் 18,000 என்றால் வருஷத்துக்கு 2,16,000. வரம்பைத் தாண்டிவிட்டது.

ஆனால் நீங்கள் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். மாதச் சம்பளம் 21,000-க்குள் உள்ள தொழிலாளிக்கு, சட்டம் பொருந்துகிற கம்பெனியாக இருந்தால், இ.எஸ்.ஐ. பிடிப்பார்கள், அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. அதில் மனைவி மக்கள் மட்டுமல்ல, அவனை நம்பியிருக்கும் தாய் தகப்பனையும் சேர்க்கலாம். உங்கள் சொந்த வருமானம் மாதம் 9,000-க்குள் இருந்தால் போதும். பையன்கள் பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்தபோது கல்யாணம் ஆகாதவர்களாக இருந்திருப்பார்கள், யாருடைய பெயரையும் கொடுத்திருக்க மாட்டார்கள். கம்பெனி எச்.ஆர். மூலம் இப்போதும் சேர்க்கலாம். உங்கள் பையனிடம் இன்று இரவே போனில் கேளுங்கள்.

'ரேஷன் கார்டைப் பிரித்துவிட்டால் வருமானம் குறைந்துவிடும்தானே' என்று அடுத்த கேள்வி வரும். உண்மையாகவே தனிச் சமையல், தனி வீடு என்றால் பிரியுங்கள், அது உங்கள் உரிமை. ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டு காகிதத்தில் மட்டும் பிரிப்பதற்கு நான் மனு எழுதித் தருவதில்லை. விசாரணைக்கு வரும் ஆர்.ஐ.க்கு அடுப்பு எண்ணத் தெரியும்.

நான் அதே ஓசூர்ல இருபது வருஷம் வேலை செஞ்சு ரிட்டயர்டு ஆனேன். இ.எஸ்.ஐ. நின்னு போச்சுங்களே?

நின்றது நீங்கள் கேட்காததால். ஐந்து வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முடிந்து ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதி தொடரும். நூற்றி இருபதுதான், மூன்று சைபர் விட்டுப்போகவில்லை. வேலையில் அடிபட்டு நிரந்தர ஊனம் ஏற்பட்டு வேலையை விட்டவருக்கும் இதே தொகையில், ஓய்வு வயது வரை உண்டு. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் பழைய இன்சூரன்ஸ் எண்ணோடு போய்க் கேளுங்கள். கம்பெனி மூடிப்போயிருந்தாலும் உங்கள் எண் மூடிப்போகாது.

ரிட்டயர்டு வாத்தியாருங்க நான். எனக்கு?

உங்களுக்கு இது இல்லை. ஓய்வூதியர்களுக்கென்று தனிக் காப்பீடு இருக்கிறது. 2022 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுத் திட்டத்தில் பென்ஷனிலிருந்து மாதம் 497 ரூபாய் பிடித்தார்கள். அந்த 5 லட்சம் நான்கு வருஷத்துக்கும் சேர்த்து, ஒரு வருஷத்துக்கு அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் முதல் வருஷமே செலவழித்துவிட்டு வருந்தியவர்கள் உண்டு. விவரத்துக்குக் கருவூலத்தைக் கேளுங்கள்.

எழுபது வயசானா வருமானமே பார்க்க மாட்டாங்களாமே, நிஜமா?

நிஜம். 2024 அக்டோபர் 29-இல் மத்திய அரசு தொடங்கியது. ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை என்று பெயர். எழுபது நிறைந்த எவருக்கும், ஏழையோ பணக்காரரோ, வருமானச் சான்று இல்லாமல் ஆதாரை மட்டும் வைத்துப் பதிவு. மேலே இரண்டாவது கேள்வியில் சொன்ன எழுபது வயதுக் கதவு இதுதான்.

தொகைக் கணக்கில்தான் குழம்புகிறார்கள். உங்கள் குடும்பம் ஏற்கனவே ஆயுஷ்மான் திட்டத்தில் இருந்தால், அந்த 5 லட்சம் அப்படியே இருக்க, எழுபது தாண்டியவருக்கென்று தனியாக இன்னொரு 5 லட்சம் சேரும். அதை வீட்டு இளையவர்கள் தொட முடியாது. குடும்பம் எதிலும் இல்லையென்றால் எழுபது தாண்டியவர்களுக்கு மட்டும் 5 லட்சம். தாத்தா பாட்டி இருவரும் எழுபதைத் தாண்டியிருந்தால் இருவருக்கும் சேர்த்துத்தான் அந்த 5 லட்சம்.

இ.எஸ்.ஐ.யோ தனியார் பாலிசியோ வைத்திருப்பவரும் இதை வாங்கலாம். மத்திய அரசு ஊழியர், முன்னாள் ராணுவத்தினர் போன்றோருக்கான அரசு மருத்துவத் திட்டங்களில் இருப்பவர் மட்டும் அதுவா இதுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவு, சந்தேகம் எல்லாவற்றுக்கும் 14555. ஒரு யோசனை: அட்டை கையில் வந்ததும் நிம்மதியாக இருந்துவிடாமல், நீங்கள் போக நினைக்கும் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் 'இதை எடுத்துக்கொள்வீர்களா' என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எங்க தாத்தாவுக்கு எழுபத்தஞ்சாவது இருக்கும். ஆதார்ல அறுபத்தெட்டுன்னு போட்டிருக்கு.

ஆதாரில் உள்ளதுதான் வயது. தலை நரைத்ததையெல்லாம் கணினி பார்க்காது. ஆதார் எடுக்க வந்த காலத்தில் 'எத்தனை வயசு?' என்று கேட்டு, வாய்க்கு வந்ததை ஜனவரி 1 என்று போட்டுவிட்டுப் போனார்கள். நம் பக்கத்துக் கிழவர் கிழவிகள் முக்கால்வாசிப் பேர் புத்தாண்டில் பிறந்தவர்கள்!

பிறந்த தேதியைத் திருத்தலாம், ஆனால் சாதாரணமாக ஒரே ஒரு முறைதான் அனுமதி. அதற்குச் செல்லுபடியாகிற ஆதாரம் வேண்டும். பள்ளிச் சான்று, பழைய பாஸ்போர்ட் ஏதாவது கிடைக்கிறதா என்று பெட்டியைத் தேடிவிட்டு ஆதார் மையத்துக்குப் போங்கள். அரைகுறையாகப் போய் அந்த ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். எதுவுமே இல்லையென்றால் எழுபது வரும்வரை காத்திருக்காமல், வருமான வரம்புக்குள் இருந்தால் சாதாரண வழியிலேயே சேர்த்துவிடுங்கள்.

காட்டு வேலை செய்து ரேகை தேய்ந்தவர்களுக்கு விரல் வைத்தால் எடுக்காது. போனுக்கு வரும் ஓ.டி.பி., கண் கருவிழி, முகம் என்று மாற்று வழிகள் உண்டு. அதற்கு ஆதாரில் நடப்பு போன் எண் இருக்க வேண்டும். பேரனின் பழைய எண் இருந்து பயனில்லை.

மாற்றுத்திறனாளி கார்டு இருக்குங்க, எழுபத்தஞ்சு சதவீதம். அதைக் காட்டினா இன்சூரன்ஸ் குடுத்துடுவாங்களா?

அந்த அட்டையைக் காட்டினால் மட்டும் கொடுக்க மாட்டார்கள். வயதைப் போலத்தான் இதுவும். தனித்துவ அடையாள அட்டை என்பது உங்கள் ஊனத்தின் வகையையும் அளவையும் அரசு ஒப்புக்கொண்டதற்கான சான்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 21 வகைகள். 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளைக் கோடு, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். உங்களுடையது மஞ்சளாக இருக்கும். உதவித்தொகை, பஸ் சலுகை, உபகரணங்களுக்கு அது அடிப்படை. காப்பீட்டுக்கு நீங்களும் ரேஷன் கார்டு, வருமானம் என்ற வழியில்தான் வர வேண்டும்.

ஆனாலும் ஊனம் கைகொடுக்கும் இடங்கள் உண்டு. ஒன்று, சம்பளக்காரராக இருந்தால் இ.எஸ்.ஐ. வரம்பு உங்களுக்கு 21,000 அல்ல, 25,000. இன்னொன்று, ஆயுஷ்மான் பட்டியல் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது. கிராமப்புறத்தில் மாற்றுத்திறனாளி இருந்து, உடல் வலுவுள்ள பெரியவர் வேறு யாரும் இல்லாத குடும்பம் அதில் ஒரு தகுதி. 16 முதல் 59 வயதுக்குள் யாருமே இல்லாத குடும்பமும், அதாவது கிழவனும் கிழவியும் மட்டும் இருந்த வீடும், ஒரு தகுதி. உங்களுக்கே தெரியாமல் உங்கள் பெயர் அதில் இருக்கலாம். 14555-இல் கேட்டுப் பாருங்கள். 2011-க்குப் பிறகு ஊனமானவர்கள் இந்தப் பட்டியலை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

எம் பொண்ணுக்கு மூளை முடக்குவாதம். இருபத்திரண்டு வயசு. ஆஸ்பத்திரியில படுத்தாதான் இன்சூரன்சுங்கறாங்க, எங்களுக்குச் செலவெல்லாம் தெரபிக்குத்தானே?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் குறைவு. அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நிரமயா என்று ஒரு காப்பீடு இருக்கிறது. 1999 சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நான்குக்கு மட்டும். கால் ஊனம், பார்வைக் குறைபாடு மட்டும் உள்ளவர்களுக்கு இது கிடையாது. வருஷத்துக்கு 1 லட்சம் வரை. ஆஸ்பத்திரியில் படுக்காமல் செய்யும் வெளிநோயாளி சிகிச்சை, தெரபி, போய்வரும் செலவுக்கும் இதில் இடம் உண்டு. சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, வயதும் தடையில்லை.

சேரும்போது வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் 250 ரூபாய், மற்றவர்கள் 500. புதுப்பிக்க முறையே 50, 250. காப்பீட்டு வருஷம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். மார்ச்சில் புதுப்பிக்க மறப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இதில் முதலில் நீங்கள் செலவு செய்து, பில் அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். அதனால் தெரபி ரசீதை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள். அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாக விண்ணப்பிக்கலாம். எது என்று கலெக்டர் ஆபீசில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சொல்வார்கள்.

பெண்ணுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டதால் இன்னொன்றும் கேட்டுவிட்டு வாருங்கள்: சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று. கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு தருவது. பெற்றவளாக இருந்தாலும் பேங்க், சொத்து என்று வரும்போது அந்தக் காகிதத்தைக் கேட்பார்கள்.

சுகர் மாத்திரை, கண் ஆபரேஷன், முட்டி ஆபரேஷன், டயாலிசிஸ்... எல்லாம் வருமா?

முட்டி மாற்று அறுவை, இதய அறுவை, புற்றுநோய், டயாலிசிஸ் எல்லாம் முதலமைச்சர் காப்பீட்டில் உண்டு. மாத்திரை வராது. மாத்திரைக்குக் காப்பீடே தேவையில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் அதைத் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் அதில் உண்டு. கண்புரைக்கு அரசு ஆஸ்பத்திரியிலோ முகாமிலோ இலவசமாகவே செய்கிறார்கள், அதற்காக அட்டைக்கு அலைய வேண்டாம்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், 2022 ஜனவரியில் திறந்த கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரியிலும் சிகிச்சை இலவசம்தானே, அட்டை எதற்கு என்பார்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் அட்டையைக் கொடுங்கள். காப்பீட்டிலிருந்து வரும் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே போகிறது.

நேத்து ராத்திரி அப்பாவை அட்மிட் பண்ணிட்டோம். கார்டு இல்ல. இப்ப என்ன பண்றது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கும். முதலில் ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில், ரேஷன் கார்டு எண்ணை வைத்து ஏற்கனவே பதிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாலாவது பதிலில் சொன்னதுபோல் பல பேருக்கு இருக்கும். இல்லையென்றால் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்க, இன்னொருவர் வி.ஏ.ஓ.விடம் ஓடுங்கள். அட்மிஷன் சீட்டைக் காட்டினால் அவசரம் புரியும். அங்கிருந்து நேராகக் கலெக்டர் ஆபீஸ் மையம். பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நிரமயா போல் இல்லை, இதில் சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும்.

சாலை விபத்து என்றால் கதை வேறு. தொப்பூர் கணவாயில் லாரி இடித்தவருக்கு வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். இன்னுயிர் காப்போம் திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் உண்டு.

பெங்களூர் பக்கத்துலயே இருக்கே, அங்க போகலாமா?

ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்கள் கட்டாயம் கேட்பது. ஆயுஷ்மான் பட்டியலில் பெயர் இருப்பவர், நாட்டில் அந்தத் திட்டத்தில் சேர்ந்துள்ள எந்த ஆஸ்பத்திரியிலும் காட்டலாம். மாநிலத் திட்டத்தில் மட்டும் இருப்பவர், அதன் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். ஆம்புலன்ஸ் கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்கு முன் 1800 425 3993-இல் ஆஸ்பத்திரிப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இன்சூரன்ஸ்ல சேர்த்துட்டோம்னாங்க, ஆனா தனியா பன்னெண்டாயிரம் கேட்டாங்க. கொடுக்கணுமா?

என் பக்கத்து வீட்டு அக்காவுக்கே நடந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 'நல்ல சாமான் போடுறோம், அதுக்கு வித்தியாசம்' என்றார்கள், பயந்துபோய்க் கொடுத்துவிட்டார்கள். ஒப்புதல் கிடைத்த சிகிச்சை முழுக்கக் கட்டணமில்லாதது. கேட்டால் ரசீது போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு நின்றுவிடும். நிற்காவிட்டால் அதே இலவச எண், அல்லது அரசு மருத்துவ உதவி எண் 104. திங்கட்கிழமை கலெக்டர் மனுநாளிலும் கொடுக்கலாம்.

கார்டு அப்பா பேர்ல இருந்தது, அவர் காலமாயிட்டார். அம்மா ஆறு மாசம் எங்க வீட்டுல, ஆறு மாசம் தம்பி வீட்டுல. அம்மா யார் கார்டுல வருவாங்க?

அப்பா போனதால் காப்பீடு போய்விடாது. இறப்புச் சான்றைக் கொடுத்து ரேஷன் கார்டில் அவர் பெயரை நீக்கி, குடும்பத் தலைவரை மாற்றிவிட்டு, காப்பீட்டு மையத்திலும் அதையே செய்யச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

அம்மா எத்தனை வீட்டில் சாப்பிட்டாலும் பெயர் ஒரு கார்டில்தான் இருக்க முடியும். எந்தப் பிள்ளையின் வருமானம் வரம்புக்குள் இருக்கிறதோ, அந்த வீட்டுக் கார்டில் இருப்பது அம்மாவுக்கு நல்லது. இதைச் சொன்னால் சில வீடுகளில் சண்டை வருகிறது, 'அப்ப அம்மா அவனோடவே இருக்கட்டும்' என்று. போன மாசம் அப்படி இரண்டு அண்ணன் தம்பி என் கடை வாசலிலேயே கத்திக்கொண்டார்கள். பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆதாரை வாங்கிப் பார்த்தேன். எழுபத்தொன்று. எழுபது வயது அட்டைக்கு எந்த மகனின் வருமானமும் வேண்டாம், ஓ.டி.பி. வர ஒரு போன் போதும் என்றேன். அண்ணன் தன் போனை எடுப்பதற்குள் தம்பி எண்ணைச் சொல்லிவிட்டான்.